பெயர் எழுதாத பெட்டி

செப்டம்பர் 3, செவ்வாய்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் கணக்கு நோட்டை ஆசையாகப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். இரவில் எழுத விளக்கு என்று சொன்னால், அப்பா கழற்றிப் போட்ட ஒரு ரெக்கார்டரின் மீட்டர் பல்பு. இரண்டு பேட்டரியோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு வரி எழுதும் அளவுக்குத்தான் வெளிச்சம் விழும். அடுத்த வரிக்கு விளக்கையும் நகர்த்த வேண்டும்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தொண்டையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லையாம். குரல் மட்டும் இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். எப்போது என்று கேட்டால் ஆளாளுக்குக் கூரையைப் பார்க்கிறார்கள். என்னுடைய ஒன்றாம் வகுப்பு சிலேட்டை அம்மா கையில் வைத்திருக்கிறாள். இன்று காலை அதில் 'காபி ஆறுது' என்று எழுதி அப்பா முகத்துக்கு நேரே பிடித்தாள். கோபத்தைக் காட்ட அடிக்கோடு போட்டிருந்தாள்.

இது போதாதென்று புவியியல் டீச்சர் வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது உலகத்தில் எங்கெங்கே செய்யப்படுகிறது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். 'கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்னு பேசக்கூடாது' என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

நான் ரீல் டேப் ரெக்கார்டர் கம்பெனிகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் அப்படி எழுதினேன்? வீட்டில் பன்னிரண்டு மெஷின் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரவு வந்த கனவு. அதில் அம்மா எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாடு நாடாகப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தாள். டென்மார்க். நார்வே. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வோர் ஊரிலும் ஒரு தொழிற்சாலையில் விளக்கு எரிந்தது. விழித்தபோது அம்மா கிளம்பிவிட்டிருந்தாள்.

செப்டம்பர் 4, புதன்

சித்தி (அம்மாவின் தங்கை, சமைக்க வந்திருக்கிறாள்) கேட்டாள்: 'எலி மேடையேறிப் பேசப் போகுதா? மைக்க வாய்க்குள்ளயே வெச்சாலும் வெளிய கேக்காதேடி.' என்னை எலி என்று கூப்பிடுவதற்குச் சித்திக்குக் காரணம் தேவையில்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் நான் எலிதான்.

செப்டம்பர் 5, வியாழன்

பேசிப் பழக ஒரு வழி கண்டுபிடித்தேன். ரெக்கார்ட் செய்து கேட்டுப் பார்ப்பது.

அப்பாவின் வேலை, மற்றவர்கள் வீட்டுப் பழைய ரீல்களைக் கேசட்டில் மாற்றிக் கொடுப்பது. முன்னறை முழுக்க மெஷின். அவற்றை அவர் கம்பெனி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நாட்டைச் சொல்லித்தான். 'ஜெர்மன்காரனுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல.' 'இங்கிலீஷ்காரன் ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினாத்தான் எந்திரிப்பான்.' சித்தி வந்த முதல் நாள், வீட்டில் விருந்தாளிகள் தங்கியிருப்பதாக நினைத்து நாலு டம்ளர் அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டாள்.

இன்று அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மருந்து வாங்கப் போயிருந்தார். நான் ஜப்பான்காரனிடம் உட்கார்ந்தேன். அவனுக்குத்தான் ஹெட்ஃபோன் உண்டு, பட்டன் மெதுவாக அமுங்கும். மேல் தட்டில் பெயர் எழுதாத பெட்டி ஒன்று இருந்தது. அதில் சின்ன ரீல், இருபது நிமிடம் வரும். எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான்: எழுதியிருந்தால் தொடாதே, எழுதாதது காலி. அப்பாவே போட்ட சட்டம். ஒரு ரீல் வாசலைத் தாண்டுவதற்குள் பேனாவை எடுத்துவிடுவார். அதனால் காலிதானே என்று போட்டுக் கேட்கக்கூட இல்லை.

ரெக்கார்டர் கம்பெனிகளைப் பற்றிய அப்பாவின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அமெரிக்கா, ஆம்பெக்ஸ். இங்கிலாந்து, ஃபெர்ரோகிராஃப். ஜெர்மனியில் கிரண்டிக், டெலிஃபங்கன், ஊஹர். டென்மார்க், நார்வே, சுவிட்சர்லாந்து என்று போய்க்கொண்டே இருந்தது. பயத்தில் ரயில் மாதிரி ஓட்டமாகப் படித்தேன். பட்டியல் முடிந்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல், அது தீரும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பதிவு செய்யும் சிவப்புப் பட்டன் அமுங்கியிருக்கும்போது பேசாமல் இருப்பது சுகமாக இருந்தது. சும்மா இருப்பதைக்கூட யாரோ கவனமாக எழுதிக்கொள்வது போல.

செப்டம்பர் 7, சனி

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

குரல் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா இன்று வீட்டுக்கு வந்தார். அம்மாவை 'ம்ம்' சொல்லச் சொன்னார். அம்மா வாயைத் திறக்கவே இல்லை. அந்த 'ம்ம்' காற்றாக வரும். அது எங்கள் முன்னால் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவர் அப்பாவிடம் கேட்டார்: 'இவங்க பழைய குரல் எங்கயாவது பதிஞ்சிருக்கா சார்? எந்தச் சுருதியில பேசுவாங்கன்னு தெரிஞ்சா அதை வெச்சே ஆரம்பிக்கலாம். அவங்களுக்கும் ஒரு பிடி கிடைச்ச மாதிரி இருக்கும்.'

சித்தி சிரித்தாள். 'ஊர்ல இருக்கிறவங்க குரல் எல்லாம் இந்த வீட்டுல இருக்கு. அக்கா குரலைத் தவிர. மெஷினப் பார்த்தாலே அடுப்படிக்கு ஓடிடுவா.'

'ஒண்ணு இருக்கு' என்றார் அப்பா. 'ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி கெஞ்சிக் கூத்தாடி உட்கார வெச்சேன். என்ன பேசுறதுன்னு கேட்டா. கைக்குக் கிடைச்ச புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மேல் தட்டுல இருக்கு. இன்னும் நானே போட்டுக் கேக்கல, தைரியம் வரல. வெள்ளிக்கிழமை கேசட்ல மாத்தி சனிக்கிழமைக்குத் தந்துடறேன்.'

மேல் தட்டு.

கனவில் வந்தது கனவு இல்லை. அரைத்தூக்கத்தில் சுவர் வழியாகக் கேட்ட அம்மா குரல்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எல்லாரும் சந்தைக்குப் போன நேரம் ஜப்பான்காரனில் போட்டுக் கேட்டேன். என் குரல்தான். ஆம்பெக்ஸ், ஃபெர்ரோகிராஃப், கிரண்டிக். இரண்டு காதிலும் நான். அம்மா எங்கேயும் இல்லை. முடிவில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்த இடத்தில் வெறும் சரசரப்பு. எத்தனை பெரிய சரசரப்பு அது.

சிவப்புப் பட்டன் முதலில் அழிக்கும், பிறகுதான் எழுதும். அப்பா எனக்கு ஐந்து வயதில் சொல்லிக் கொடுத்தது.

அப்பா ஏன் பெட்டியில் எழுதவில்லை? அவ்வளவு சட்டம் பேசுகிறவர். இல்லை, அவரைச் சொல்லக்கூடாது. நான்தான். நான்தான் செய்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்னும் நாலு நாள். சாப்பிட முடியவில்லை. பரீட்சை பயம் என்று சித்தியிடம் சொன்னேன். பரீட்சையே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

கனவு. பனி பெய்கிற ஊர். நீளமான கட்டடத்தில் வரிசையாக ஜன்னல்கள். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் மேஜைக்கு மேஜை உட்கார்ந்து, டேப்பைப் படிக்கும் காந்தத் தலைகளைத் துணியால் துடைக்கிறார்கள். குழந்தையின் வாயைத் துடைப்பது போல அவ்வளவு மெதுவாக. நான் ஒவ்வொரு மேஜையாகப் போய், 'எங்க அம்மா குரல் இங்க வந்துச்சா?' என்று கேட்கிறேன். ஒருத்தி நிமிராமல், 'நாங்க காது மட்டும்தான் செய்யறோம், அடுத்த நாட்டுல கேளு' என்கிறாள். அடுத்த நாட்டில் பனி இல்லை, மழை. கட்டடம் அதே மாதிரி. அங்கே பெட்டி மட்டும்தான் செய்கிறார்களாம். அதற்கடுத்த நாட்டில் சக்கரம். எல்லா நாட்டிலும் மெஷின்கள் ஒன்றாக முனகுகின்றன, தூங்கப் போகும் பெரிய வீடு போல. கடைசி நாட்டுக்கு நான் போய்ச் சேருவதற்குள் விடிந்துவிட்டது.

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலேட்டில்: 'ஜுரம் இல்ல. வேற என்ன?'

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவளுக்கு முன்னால் நானும் ஊமையாகத்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்

மெதுவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

பள்ளியிலிருந்து வந்ததும் முன்னறைக்குப் போனேன். அப்பா பின்னால் ஆன்டெனா கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒருவேளை அம்மா மறுபக்கத்தில் இருந்தால்? அப்படி ஒரு நப்பாசை. ரீலைத் திருப்பி ஜப்பான்காரனில் மாட்டினேன். ஹெட்ஃபோன்.

இடது காதில் ஒன்றுமில்லை. வலது காதில் மட்டும் யாரோ பேசினார்கள்.

எந்த மொழியும் இல்லை. சொற்கள் முடிவில் தொடங்கித் தொடக்கத்தில் போய் உள்ளிழுக்கப்படுவது போல. வேறு யாருடைய ரீலையோ எடுத்துவிட்டேனோ, செத்துப்போன யாருடையதோ? டேப் தீரப்போகும் நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றப் போனேன். அப்போது அந்தக் குரல் சிரித்தது.

பேச்சைத் திருப்பிப் போட்டால் புரியாது. சிரிப்பு புரிகிறது. முன்னாலிருந்து வந்தாலும் பின்னாலிருந்து வந்தாலும் அம்மா சிரிப்பு அம்மா சிரிப்புதான். நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கும். அந்த மூச்சுகூட இருந்தது.

அவள் உள்ளே இருக்கிறாள். தலைகீழாக, ஒரே காதில். ஆனால் இருக்கிறாள்.

எப்படி என்று தெரியவில்லை. நேராகக் கேட்க எனக்கு வழியும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

முதலில் அம்மாவிடம். அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கக்கத்தில் இடுக்கியிருந்த சிலேட்டை வாங்கி எழுதினேன்: 'உன் டேப் மேல என் பேச்சப் பதிஞ்சிட்டேன். காலின்னு நினைச்சேன்.' இடம் போதாமல் சிலேட்டின் மரச்சட்டத்திலும் எழுதினேன்.

அம்மா படித்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். எச்சில் தொட்டு அழித்துவிட்டு எழுதினாள்: 'இதுக்கா நாலு நாளா சாப்பிடல?' அழித்தாள். 'அந்தக் குரல் எனக்கே பிடிக்காது. மூக்கால பேசுற மாதிரி.' அழித்தாள். கடைசியாக: 'அப்பாகிட்ட நீயே சொல்லு. என்னால கத்திச் சொல்ல முடியாது.'

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கிறாள். சத்தம் இல்லாமல். நடுவில் அந்த மூச்சு மட்டும் கேட்டது.

அப்பா முன்னறையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஜெர்மன்காரனின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கேசட் வேலைக்குத்தான் தயார் செய்கிறார் என்று தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் கை நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை. அது கோபத்தைவிட மோசம்.

'எந்தப் பெட்டி?'

'பேர் எழுதாததுப்பா.'

நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தி வாசல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டுப் போனாள்.

'எழுதணும்னு பேனாவ எடுத்தேன்' என்றார் அப்பா. 'அவ பேரு, தேதி. சமாதிக் கல்லுல வெட்டுற மாதிரி இருந்துச்சு. மூடி வெச்சிட்டேன்.' பிறகு, 'சட்டம் போட்டவனே மீறினா இப்படித்தான்' என்று பஞ்சைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

அப்போதுதான் திருப்பிப் போட்டுக் கேட்டதைச் சொன்னேன். வலது காது. சிரிப்பு. அப்பா மெதுவாக நிமிர்ந்தார்.

'எந்த மெஷின்ல பதிஞ்ச?'

'ஜப்பான்காரன்ல.'

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. மேஜையில் கிடந்த காகிதத்தில் இரண்டு நீளக் கோடு போட்டார். 'இது டேப்பு. உங்கம்மாவ நான் ஜெர்மன்காரன்ல பதிஞ்சேன். அவன் பழைய ஆளு. தடிப் பேனா. மேல் பாதி முழுசும் ஒரே கோடா எழுதுவான். ஜப்பான்காரன் கஞ்சன். அதே டேப்ப நாலு பாதையாப் பிரிச்சுக்குவான், ஒண்ணும் ரெண்டும் சேர்ந்ததுதான் அந்த மேல் பாதி. இந்தப் பக்கம் ஒண்ணும் மூணும், திருப்பிப் போட்டா நாலும் ரெண்டும். நீ அழிச்சது ஒண்ணு, மூணு.' இரண்டாவது பாதையில் விரலை வைத்தார். 'இங்க நீ போகவே இல்ல. உங்கம்மா இங்க உட்கார்ந்திருக்கா.'

ரீலை ஜெர்மன்காரனில் மாட்டினார். 'இவனுக்கு ரெண்டு பாதையும் ஒரே கோடுதான். சேர்த்துத்தான் படிப்பான். என்ன வருதுன்னு பார்ப்போம்.' அம்மா துணி மூட்டையோடு கதவருகில் வந்து நின்றாள்.

இரண்டு பேரும் வந்தோம்.

நான் ஆம்பெக்ஸ் என்கிறேன். எனக்குப் பின்னால், அடுத்த அறையில் இருப்பது போல, அம்மா. 'இதையா படிக்கச் சொல்றீங்க? வேற புத்தகமே இல்லயா இந்த வீட்டுல?' புத்தகம் பிரிந்த இடத்தில் தொடங்கியிருக்கிறாள், டென்மார்க்கில். 'பாங் அண்ட் ஒலுஃப்சன். ஏங்க, ரெண்டு மாப்பிள்ளைங்க சேர்ந்து வந்த மாதிரி இருக்கு.' அங்கேதான் அந்தச் சிரிப்பு. நான் ஃபெர்ரோகிராஃப், கிரண்டிக் என்று மூச்சுவிடாமல் ஓடுகிறேன். அவள் நின்று நின்று, கதை பேசிக்கொண்டு நடக்கிறாள். நான் நெருங்கி நெருங்கி வந்து நார்வேயில் அவளைப் பிடித்துவிட்டேன்.

'நார்வே. டான்ட்பெர்க்.' இரண்டு பேரும் ஒரே நேரத்தில். ஒரே குரல் போல.

அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். என் பட்டியல் முடிந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்த அந்த இடம் வந்தது, வெறும் சரசரப்பு என்று நினைத்து அழுத இடம். அங்கே அம்மா தனியாக, தெளிவாக இருந்தாள்.

'சுவிட்சர்லாந்து. நாக்ரா.' தூரத்தில் அப்பா குரல்: 'போலந்து பாஷையில அதுக்கு அர்த்தம், பதிஞ்சுக்கும்னு.' அம்மா: 'பதிஞ்சுக்கட்டும்.' புத்தகம் மூடும் சத்தம். பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்து, எங்கோ சுவரைப் பார்த்து: 'எலி, இன்னும் தூங்கலையா? விளக்க அணை.'

டேப் தீர்ந்து ரீல் சும்மா சுற்றியது. யாரும் நிறுத்தவில்லை.

அப்பா ஜெர்மன்காரனின் காந்தத் தலையைத் தொட்டு, 'தலையக் கொஞ்சம் கீழ இறக்கினா உன்ன மட்டும் தனியா எடுத்துடலாம்' என்றார் அம்மாவிடம். அம்மா சிலேட்டைத் தேடினாள். அது துணிக்கு அடியில் இருந்தது. 'டாக்டரம்மாவுக்கு அப்படிக் குடுங்க. நமக்கு ரெண்டும் இருக்கட்டும்.'

சமையலறையிலிருந்து சித்தி, 'அது யாரு அக்காவோட கூடப் பேசுறது? எலியா? கேக்குதே' என்றாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

பேசினேன். டென்மார்க் வந்தபோது அந்தப் பெயர் இரண்டு மாப்பிள்ளைகள் சேர்ந்து வந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. நார்வேக்குப் பிறகு வேகத்தைக் குறைத்தேன். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கரும்பலகைப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் திரும்பினேன், அதுவும் வரைபடத்தைக் காட்ட.

செப்டம்பர் 14, சனி

டாக்டரம்மா கேசட்டைக் கேட்டுவிட்டு, தான் கொண்டுவந்த ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினார். 'இதுதான் உங்க இடம். இங்கயிருந்துதான் பேசியிருக்கீங்க.' அந்தச் சத்தம் அறையில் நின்றுகொண்டே இருந்தது. அம்மா எங்களைப் பார்த்தாள். அப்பா புரிந்துகொண்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார். உள்ளே ஆர்மோனியம். அதற்கு அடியில் காற்று. காற்றுதான். ஆனால் நிறுத்தாமல் வந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

அப்பா பெட்டியில் எழுதிவிட்டார். தேதி இல்லை, பெயர் இல்லை. 'டென்மார்க் முதல் நாக்ரா வரை. இரண்டு பேர். ஜெர்மன்காரனில் மட்டும் போடவும்.'

அக்டோபர் 19, சனி

'ம்ம்.' சத்தியமாகக் கேட்டேன். சித்தி குழம்பு எப்படி என்று கேட்டதற்கு. நல்ல 'ம்ம்' இல்லை, உப்பு அதிகம் என்கிற 'ம்ம்'.

டிசம்பர் 1, ஞாயிறு

ரொம்ப நாள் எழுதவில்லை. எழுதுவதற்கு எந்தப் பயமும் கிடைக்கவில்லை. சித்தி ஊருக்குப் போய்விட்டாள். சிலேட்டு ஜன்னலில் சாய்ந்து கிடக்கிறது. அதில் போன வாரம் எழுதிய 'பால் வாங்கணும்' இன்னும் அழியவில்லை.

நேற்று மறுபடியும் அந்தப் பனி ஊர். ஜன்னல்கள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காலி மேஜை பார்த்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெண்ணோடு சேர்ந்து துடைக்க ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து...

இப்போதுதான், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா. கரகரப்பாக, நடுவில் ஒரு இடத்தில் உடைந்து, டேப்பில் இருப்பது போல இல்லாமல்:

'எலி. விளக்க அணை.'

அணைக்கிறேன்.